லைன் இருக்கு, நெட் இல்லை

2008 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. மாதத்தின் இரண்டாவது செவ்வாயில் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுவது மைக்ரோசாஃப்டின் வழக்கம், அன்றும் வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கணினிகள் அவற்றைத் தாமாகவே இறக்கி நிறுவிக்கொண்டு ரீஸ்டார்ட் ஆயின. அவற்றில் ஸோன்அலாரம் என்ற ஃபயர்வாலைப் போட்டிருந்தவர்களுக்கு அதன்பிறகு இன்டர்நெட் வரவில்லை. மோடத்தில் எரியவேண்டிய விளக்கெல்லாம் எரிந்தது. கேபிளும் சரியாகத்தான் செருகியிருந்தது. ஆனால் எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும் பிரவுசர் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கையை விரித்தது.

காரணம், அன்று வந்த ஒரு திருத்தம். டான் கமின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சில மாதங்களுக்கு முன்பு டிஎன்எஸ்ஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைத் திருப்பிச் சொல்வது டிஎன்எஸ்ஸின் வேலை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. ஒவ்வொரு கேள்வியோடும் 16 பிட் அடையாள எண் ஒன்று போகும். அதே எண்ணோடு திரும்பி வரும் பதில்தான் செல்லும். 16 பிட் என்றால் 65,536 எண்கள். உண்மையான பதில் வருவதற்குள் அந்த எண்ணை ஊகித்து ஒரு பொய்ப் பதிலை உள்ளே தள்ளிவிட்டால், வங்கியின் பெயரைத் தட்டியவர் திருடன் கட்டிவைத்த தளத்தில் போய் நிற்பார். ஒரு முறை ஊகம் தப்பினாலும், காத்திருக்காமல் அடுத்தடுத்து முயன்றுகொண்டே இருக்க வழியுண்டு என்பதுதான் கமின்ஸ்கி கண்டது. மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ உள்ளிட்ட நிறுவனங்கள் ரகசியமாகக் கூடிப் பேசி, ஒரே நாளில் திருத்தத்தை வெளியிட்டன. கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஊகிக்க முடியாதபடி மாற்றிவிடுவது என்பதே அந்தத் திருத்தம். எண்ணோடு போர்ட்டையும் சேர்த்து ஊகிக்க வேண்டுமென்றால் ஏமாற்றுபவனின் வேலை பல்லாயிரம் மடங்கு கூடிவிடும்.

ஸோன்அலாரத்துக்கு இந்தப் புதுப் பழக்கம் ஒத்துவரவில்லை. டிஎன்எஸ் கேள்விகளைப் போகவிடாமல் நிறுத்திவிட்டது. இன்டர்நெட் பாதுகாப்பு அளவை 'ஹை'யிலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினால் இணைப்பு வந்தது. அப்டேட்டை நீக்கினாலும் வந்தது. ஸோன்அலாரத்தை வைத்திருந்த செக்பாயின்ட் நிறுவனம் சில நாட்களுக்குள் திருத்திய பதிப்பைத் தந்தது. அப்டேட்டை நீக்கி நெட்டைத் திரும்பப் பெற்றவர்கள், அப்போது உலகமே அவசரமாக அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையைத் தங்கள் கணினியில் மட்டும் மறுபடி திறந்துவைத்தார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை.

வீட்டில் நெட் நின்றால் நாம் முதலில் சந்தேகப்படுவது கம்பெனியை. பல சமயம் அது நியாயமான சந்தேகமும்தான். ஆனால் கணினிக்குள்ளேயே உட்கார்ந்து தடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளையும், தெருமுனையில் அறுந்து கிடக்கும் ஃபைபரையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்துவது கடினம். அதற்குக் காரணம் ஃபயர்வாலின் சுபாவம்.

ஒரு கணினி இன்னொன்றோடு பேச ஆரம்பிக்கும்போது முதலில் ஒரு சிறிய பாக்கெட்டை அனுப்பி அனுமதி கேட்கிறது. எதிர்முனையில் கணினி இருக்கிறது, கேட்ட சேவைதான் அங்கே இல்லை என்றால், 'இல்லை' என்ற பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். பிரவுசர் அதை 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று காட்டும். ஃபயர்வால் குறுக்கே நின்றால் பெரும்பாலும் அந்த 'இல்லை'கூட வராது. அடுக்குமாடி வாசலில் 'அவங்க ஊர்ல இல்லீங்க' என்று சொல்லி அனுப்பும் காவலாளி ஒரு ரகம்; கேட்டைத் தட்டத் தட்ட எட்டிக்கூடப் பார்க்காத காவலாளி இன்னொரு ரகம். ஃபயர்வால்களில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். வந்த பாக்கெட்டை ஓசையில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பிய கணினி கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்கும், இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது முறை. விண்டோஸில் ஏறக்குறைய 20 விநாடி இப்படிப் போனபின் 'டைம்ட் அவுட்' என்று முடித்துக்கொள்ளும். இந்த மௌனம் வேண்டுமென்றே வைத்தது. 'இல்லை' என்பதும் ஒரு பதில்தானே? அதிலிருந்தே இங்கே ஒரு கணினி உயிரோடு இருக்கிறது என்று வெளியாள் தெரிந்துகொள்வான்.

மௌனமாக இருக்கவேண்டிய தேவை எப்படி வந்தது என்பதற்கு 2003 ஆகஸ்ட் ஒரு சாட்சி. பிளாஸ்டர் என்ற புழு, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, இணைப்பில் இருந்த விண்டோஸ் கணினிகளுக்குள் 135-ஆம் போர்ட் வழியாகப் புகுந்தது. 60 விநாடியில் கணினி அணையப்போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கு அது மறந்திருக்காது. எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்துவைத்த நிலையில்தான் அது விற்பனைக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 அதை எல்லாக் கணினிகளிலும் தானாகவே இயங்கச் செய்தது. அன்றிலிருந்து விண்டோஸ் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு ஃபயர்வாலின் சொந்தக்காரர்.

ஆகவே நெட் நின்றதும் எங்கே நின்றது என்று வரிசையாகக் கேட்டுப் பார்ப்பதே வழி. முதல் கேள்வியைக் கணினியிடம் கேட்கத் தேவையில்லை. அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஒரு தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மொபைல் டேட்டாவை அணைக்க மறந்தவர்கள் ஃபோனில் நெட் வருகிறது என்று நம்பி மணிக்கணக்கில் கணினியோடு மல்லுக்கட்டுவதுண்டு. ஃபோனிலும் வராவிட்டால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். கம்பெனியைக் கூப்பிட வேண்டியதுதான்; கணினியில் எதையும் தொட வேண்டாம்.

ஃபோனில் வருகிறது, கணினியில்தான் வரவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டுங்கள். வீட்டுக் கணினிக்குப் பொதுவாக 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். ரௌட்டர் கொடுத்தது அது. அதற்குப் பதிலாக 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தெருவைத் தாண்ட முடியாது. வைஃபை சரியாகப் பிடிக்கவில்லை, ரௌட்டர் திணறுகிறது, அல்லது முகவரி கேட்கும் பாக்கெட்டையே ஃபயர்வால் தடுக்கிறது; இந்த மூன்றில் ஒன்று.

முகவரி சரியாக இருந்தால் அடுத்து 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடப் புரோகிராமர் எழுதிய குட்டி நிரல். இன்றுவரை இதை மிஞ்ச ஒன்று வரவில்லை என்றே சொல்வேன். முதலில் ரௌட்டரைக் கேட்பது: ஐபிகான்ஃபிக்கில் 'டிஃபால்ட் கேட்வே' என்று காட்டிய எண். பிறகு 8.8.8.8 அல்லது 1.1.1.1. முன்னது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், பின்னது கிளவுட்ஃப்ளேருடையது. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு மட்டும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்றால், லைன் நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. 2008-ல் ஸோன்அலாரம் வீடுகளில் நடந்தது இந்த ரகம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பல சர்வர்களையும் ஃபயர்வால்களையும் பழக்கியிருக்கிறார்கள். பதில் வந்தால் நிச்சயமாக வழி இருக்கிறது. வராவிட்டால் வழி இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

மூலையில் தெரியும் 'நோ இன்டர்நெட்' குறியை நம்பலாமா? விண்டோஸ் அதை எப்படி முடிவுசெய்கிறது என்று தெரிந்தால் பாதிதான் நம்புவீர்கள். மைக்ரோசாஃப்டின் ஒரு தளத்திலிருந்து சிறு டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை அது கேட்டு வாங்கிப் பார்க்கிறது. அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் மட்டும் இருக்கும். அவை அப்படியே வந்தால் இன்டர்நெட் உண்டு. இந்த ஒரு தளத்தை ஏதாவது ஒரு ஃபயர்வாலோ விளம்பரத் தடுப்பானோ மறித்தால், யூடியூப் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலையில் 'நோ இன்டர்நெட்' என்று நிற்கும்.

'ரௌட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்று கஸ்டமர் கேரில் சொல்வதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதவர் இல்லை. ஆனால் அது வெற்று மந்திரமல்ல. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் உரையாடல்களையும் ரௌட்டர் தன் நினைவில் ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறது. யாருக்கு வந்த பதிலை யாரிடம் கொடுப்பது என்பதற்கு. அது நிரம்பிக் குழம்பினால் ரீஸ்டார்ட் அதைத் துடைத்துவிடும். வெளிமுகவரி புதிதாகக் கேட்கப்படும். சேமித்துவைத்த பழைய டிஎன்எஸ் பதில்களும் போய்விடும். கணினியை ரீஸ்டார்ட் செய்வதிலும் இதே லாபம் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து, பிங் பெயருக்கும் பதில் வாங்கி, பிரவுசரில் மட்டும் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் ஆன்டிவைரஸின் மேல் சந்தேகம் வலுக்கிறது. பிங் நேரடியாகப் போகும் சரக்கு. பிரவுசரின் போக்குவரத்து அப்படியல்ல. பாதுகாப்பு மென்பொருள் அதை இடையில் நிறுத்திப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறது. எக்ஸ்பி காலத்தில் இதற்கு விண்டோஸின் வின்சாக் என்ற பகுதியில் தங்களைக் கொக்கிபோட்டுக்கொள்ளும் முறை இருந்தது. விளம்பர வைரஸ்களும் அதே கொக்கியைப் பயன்படுத்தின. ஆன்டிவைரஸ் அந்த வைரஸை அழித்தால் கொக்கி மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கும். எந்த நிரலும் வெளியே பேச முடியாது. வைரஸ் போனது, கூடவே நெட்டும் போனது என்று அந்தக் காலத்தில் பலர் புலம்பியது இதனால்தான். இன்றும் இந்தப் பகுதி குழம்பினால் 'நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட்' என்ற கட்டளை அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து தட்ட வேண்டும், பிறகு ரீஸ்டார்ட். விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒழுங்கான வேறு வழியை அமைத்துக்கொடுத்தது. ஆனாலும் அரைகுறையாக நீக்கப்பட்ட ஆன்டிவைரஸின் மிச்சம் மீதி இன்றைக்கும் இணைப்பை மறிப்பதுண்டு. பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் சரக்கைத் துடைத்தெடுக்கவென்றே தனி நீக்கு நிரலை இலவசமாக வைத்திருப்பது அதனால்தான்.

நோயே இல்லாத இடத்தில் மருத்துவர் கத்தியை எடுத்ததும் உண்டு. 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபீ அனுப்பிய தினசரி வைரஸ் பட்டியலில் ஒரு பிழை. விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-ன் 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற முக்கியமான ஃபைலை அது வைரஸ் என்று பிடித்து ஒதுக்கிவிட்டது. நெட்வொர்க் உட்பட விண்டோஸின் பல வேலைகளை நடத்துவது அந்த ஃபைல்தான். கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க் போனது. நெட்வொர்க் போய்விட்டதால், சரிசெய்த பட்டியலை இறக்கிக்கொள்ளவும் அவற்றால் முடியவில்லை. யாராவது ஒவ்வொரு கணினியின் முன்னாலும் போய் உட்கார வேண்டியிருந்தது.

இணைப்பு வருகிறது, ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறது என்பது வேறொரு கதை. முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் சிஆர்2032 என்ற ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ்கள் வெறும் 90 நாளுக்கானவையாகவே பல காலம் இருந்தன. 2009-ல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு, இந்த வருடம் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சொற்ப விலையுள்ள பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் இந்தக் கோளாறுக்காக விண்டோஸையே அழித்து மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

தேதி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸின் 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்'. மறையாக்கம் செய்த போக்குவரத்துக்குள் எட்டிப் பார்க்க, ஆன்டிவைரஸ் தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் நட்டுவைத்துவிட்டு நடுவில் நின்றுகொள்கிறது. உங்கள் வங்கித் தளத்தின் முகவரிக்குப் பக்கத்திலுள்ள குறியைச் சொடுக்கி, சான்றிதழை யார் வழங்கியது என்று பாருங்கள். அங்கே ஆன்டிவைரஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் இந்த வசதி இயங்குகிறது. இதே தந்திரத்தை விளம்பரத்துக்காகப் பயன்படுத்திய சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருளை லெனோவோ தன் லேப்டாப்களில் ஏற்றி விற்றது; எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி இருந்தது 2015 பிப்ரவரியில் வெளியாகி நாறியது. வீட்டுக் கணினியில் இந்த ஸ்கேனிங்கை அணைத்துவைப்பதே என் கட்சி. பிரவுசர் செய்யும் சோதனையை நடுவில் நின்று இன்னொருவர் செய்துகாட்ட வேண்டியதில்லை.

செட்டிங்ஸை மாற்றியது மனிதரா மென்பொருளா என்று தெரியாத வழக்குகளும் உண்டு. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் செய்தது மிக எளிய காரியம்: கணினியின் டிஎன்எஸ் முகவரியைத் தன் கூட்டத்தின் சர்வருக்கு மாற்றியது. முடிந்த இடங்களில், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத ரௌட்டர்களுக்குள்ளும் போய் மாற்றியது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் 6 பேர் கைதானபோது, பாதிக்கப்பட்ட கணினிகள் 40 லட்சம் என்று எஃப்பிஐ கணக்குச் சொன்னது. திருட்டு சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுபோகும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்குள் கணினியைச் சரிசெய்யாதவர்களுக்கு அன்று டிஎன்எஸ் நின்றது. லைனில் பழுதில்லை, ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த முகவரியில் யாரும் இல்லை. ரௌட்டர் பக்கத்தைத் திறக்கும்போது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வதும், அதன் பாஸ்வேர்டை மாற்றுவதும் கால்மணி நேர வேலை.

சோதனைக்காக ஆன்டிவைரஸைச் சில நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அணைத்ததும் நெட் வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் அணைத்தபடியே விட்டுவிடக் கூடாது. எந்த நிரலைத் தடுத்தது என்று அதன் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் நின்று ஒன்றையொன்று சந்தேகிக்கும். விண்டோஸ் 8-லிருந்து டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்கிறது. நீக்கியபின் அது திரும்பக் காவலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெட் நின்ற அவசரத்தில் கைப்பேசியில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணைக் கூப்பிடுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அங்கே எடுப்பவர் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி, எனிடெஸ்க் போன்ற ஒன்றை இறக்கச் சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். இத்தகைய செயலிகள் வழியாகப் பணம் பறிபோவதாக ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. கம்பெனியின் எண் மாத பில்லில் இருக்கிறது. பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம்.

மௌனமாகத் தடுக்கும் ஃபயர்வாலிடம் என்ன தடுத்தாய் என்று கேட்கவும் வழி உண்டு. விண்டோஸ் ஃபயர்வாலுக்குள் ஒரு நாட்குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது, இயல்பில் அணைந்திருக்கும். ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிராபர்ட்டீஸைத் திறந்து, 'லாகிங்' என்ற இடத்தில் தடுத்த பாக்கெட்களை எழுதச் சொன்னால் போதும். 'பிஃபயர்வால்' என்ற டெக்ஸ்ட் ஃபைலில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். 4,096 கேபி வந்ததும் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், செய்த காரியம், யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட் என்று வரிசையாக இருக்கும். பிரின்டரில் ஸ்கேன் செய்த தாள் கணினிக்கு வந்துசேராத வீட்டில் அதைத் திறந்தால், பிரின்டரின் முகவரியிலிருந்து கணினியின் 445-ஆம் போர்ட்டுக்கு வந்த பாக்கெட் 'டிராப்' என்று எழுதியிருக்கும், ஸ்கேன் பட்டனை அழுத்திய அதே நிமிடத்தில். 445 ஃபோல்டர்களைப் பகிரும் போர்ட். வீட்டு வைஃபையை முதன்முதலில் இணைத்த அன்று விண்டோஸ் அதைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருக்கும், ரயில் நிலைய வைஃபையைப் போல. நெட்வொர்க் செட்டிங்ஸில் அதைப் 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை அனுமதித்தால் தாள் வந்துவிடும். ஃபயர்வாலை அணைக்க வேண்டியதே இல்லை.